பச்சைக் கிளியும் பட்டன் அழுத்துகிறவளும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று அறுபத்திரண்டு தகடுகள். மஞ்சள் வந்தது, ஊதா வந்தது, நீலம் வந்தது. பழுப்பு கூப்பிடாமலேயே வந்தது. பச்சை மட்டும் வரவில்லை.

ஆய்வுக்கூடத் தலைவர் மாலையில் எட்டிப் பார்த்து, "பச்சை எங்கம்மா?" என்றார். என்னமோ நான் கைப்பையில் ஒளித்து வைத்திருப்பதுபோல.

என் வேலையை வீட்டுக்காரருக்கு எட்டு வருடமாக விளக்குகிறேன். எஃகுத் தகட்டின்மேல் டைட்டானியம் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். லேசர் பட்டுச் சூடேறினால் அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோல் வளரும். தோல் எவ்வளவு தடிமனோ, அதற்குத் தக்க நிறம். சாயம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. மழைத்தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் நிறம் நிறமாகத் தெரியுமே, அதே கதைதான். அவர் பஸ் ஓட்டுகிறவர். இன்றும் முழுக்கக் கேட்டுவிட்டு, "அதுக்கு பேசாம பெயிண்ட் அடிச்சிடலாமே?" என்றார்.

எட்டு வருடம்!

மார்ச் 6, வியாழன்

கடிகாரக் கம்பெனிக்காரர்கள் பதினேழாம் தேதி வருகிறார்கள். பச்சை முகப்பு இல்லையென்றால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் லேசர் மெஷினுக்கு உறை, எனக்கு வீடு. தலைவருக்குப் படபடப்பு. அதை யார் தலையில் இறக்குவது? எல்லாரும் பார்க்க என்னிடம் வந்து, "பட்டனை அழுத்துறது மட்டும்தான் உங்க வேலை. அதையும் ஒழுங்கா செய்யலன்னா எப்படி?" என்றார்.

பட்டனாம். பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். பழுப்பு.

மார்ச் 7, வெள்ளி

பழி வாங்கியாயிற்று!

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் கம்ப்யூட்டரில் ஒரு கிளி வரைந்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட கிளி. கழுத்தில் அடையாள அட்டை. அலகு இருக்கவேண்டிய இடத்தில் தலைவரின் மூக்கு. மிகைப்படுத்தவில்லை. சரி, கொஞ்சம். வீணாய்ப்போன துண்டுத் தகடு ஒன்று கிடந்தது. அது இடுக்கியில் நிற்கவில்லை. டிபன் பாக்ஸ் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து, மெஷின் கதவைச் சாத்தி, பட்டனை அழுத்தினேன். அதுதானே என் வேலை.

சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து கதவைத் திறந்தால் — பச்சை. சந்தேகத்துக்கு இடமில்லாத, கண்ணைப் பறிக்கிற பச்சை.

நான்கு மாதமாக எல்லாரும் தேடிய பச்சை தலைவரின் மூக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை நான் யாரிடம் போய்க் காட்டுவது?

கைப்பையில் ஒளித்து வைத்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

கிளி வேண்டாம், வெறும் சதுரம் போடலாம், நான் பாட்டுக்கு நல்ல பெயர் வாங்கலாம் என்று திட்டம். அதே வேகம், அதே எண்கள். ஆறு முறை. ஆறும் பழுப்பு.

மார்ச் 11, செவ்வாய்

பழுப்பு. பழுப்பு. பழுப்பு. கிளி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

மார்ச் 12, புதன்

எங்கள் கூடத்தில் கணக்குப் போட ஒரு முனைவர் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. இன்று சாவி எடுக்கும்போது பையிலிருந்து கிளி நழுவி நேராக அவள் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, விக்கல் வரும்வரை சிரித்தாள். பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

"அக்கா, இது பச்சை."

"தெரியும்."

"எப்படி வந்துச்சு?"

"அதுதான் தெரியல."

அன்றைக்குச் செய்ததை எல்லாம் மறுபடி நடித்துக் காட்டச் சொன்னாள், போலீஸ் விசாரணை மாதிரி. டிபன் பாக்ஸ் வந்ததும், "நில்லுங்க. மூடியா?" என்றாள். ஸ்கேலை எடுத்து அளந்தாள். ஆறு மில்லிமீட்டர் உயரம்.

ஆறு மில்லிமீட்டர்! நான் சதுரங்களை எல்லாம் ஒழுங்காக இடுக்கியில் மாட்டியல்லவா சுட்டேன்? தகடு மேலே எழும்பினால் லேசர் புள்ளியாகக் குவியாது. அகலமாகப் பரவும். ஒரு கோட்டின்மேல் அடுத்த கோடு ஏறும், சூடு நின்று நிதானமாக இறங்கும். எட்டு வருடம் அந்த மெஷினோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது உறைக்க ஒரு மூடி வேண்டியிருந்தது.

மூடியை வைத்து ஒரு சதுரம் போட்டோம். பச்சை. நான் அழுதேன். அவளுக்கு மறுபடி விக்கல்.

மார்ச் 13, வியாழன்

பன்னிரண்டு பச்சைச் சதுரங்களைத் தலைவர் மேஜையில் பரப்பினோம். அவர் எழுந்து முனைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க கணக்கு ஜெயிச்சிருச்சு!"

"கணக்கு நான் போடல சார். அக்காதான் கண்டுபிடிச்சாங்க."

"அடக்கம் இருக்கலாம், அதுக்காக இவ்வளவா?" என்று சிரித்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

முனைவர் என்னைப் பார்த்தாள். மேலே சொல்வதும் விடுவதும் என் இஷ்டம் என்பதுபோல. விழுங்கிவிட்டிருக்கலாம். வேலையும் நிலைத்திருக்கும். ஆனால் அந்தப் பச்சை என்னுடையது. வேறு யாருக்கும் விட மனசு வரவில்லை. பையைத் திறந்தேன்.

"சார், முதல்ல வந்த பச்சை இது."

வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

"யாரு இது?"

"கிளி சார்."

"கண்ணாடி போட்டிருக்கு?"

"அதுக்குப் பார்வை கொஞ்சம் கம்மி சார்."

ஏன் அதைச் சொன்னேன்? யார் கேட்டார்கள்? இந்த வாயை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பிழைக்கப் போகிறேன்?

தகட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

தலைவர் அறைக் கதவு இன்றும் திறக்கவில்லை. வீட்டில் வேலை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்க பஸ்ல டிக்கெட் குடுக்க ஆள் எடுக்கறாங்க. அங்கயும் பட்டன்தான்" என்றார் வீட்டுக்காரர். அவர்மேல் தலையணையை எறிந்தேன்.

மார்ச் 17, திங்கள்

கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். சதுரங்களை நகத்தால் சுரண்டினார்கள், துணியால் தேய்த்தார்கள். பச்சை அசையவில்லை. வந்தவர்களில் மூத்த அம்மாள், இதை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார்.

தலைவர் சட்டைப் பையிலிருந்து கிளியை எடுத்து மேஜை நடுவில் வைத்தார்.

"இது நான். வரைஞ்சது இவங்க. நாங்க எல்லாரும் நாலு மாசமா முட்டி மோதினோம். இவங்க சாப்பாட்டு நேரத்துல முடிச்சுட்டாங்க."

அந்த அம்மாள் கிளியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி கிளியைப் பார்த்தார்.

"மூக்கைக் குறைச்சுல்ல வரைஞ்சிருக்காங்க?"

முதலில் சிரித்தது தலைவர்தான். கையெழுத்தும் ஆயிற்று.

அவர்கள் போனபின் என் மேஜைப் பக்கம் வந்து, "அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா" என்றார். பதிலுக்கு வாயில் என்னென்னவோ வந்தது. எனக்கே ஆச்சரியம், வெறுமனே தலையாட்டினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மெஷின் யாருக்கு எந்த நேரம் என்று எழுதும் நோட்டில், இன்று மூன்றிலிருந்து நான்குவரை தலைவரின் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: "சும்மா."

என்னவென்று பார்க்க மூன்று மணிக்குப் போனேன். மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மடியில் காகிதத்தோடு பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"அங்க உக்காருங்கம்மா. அசையக் கூடாது."

"எதுக்கு சார்?"

"காது சரியா வரணும்."

என் கை தானாகக் காதுக்குப் போயிற்று. பின்னாலிருந்து முனைவரின் விக்கல் கேட்டது. கையை இறக்கிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்தேன்.