இழுப்பறையின் அடிப்பலகை

பாரிஸ், நவம்பர் 12, 1793

வால்நட் பலகை வந்தது. ஈரம் காயவில்லை, திருப்பி அனுப்பினேன். மத்தியானம் மேஸ்திரி கஸ்பார் ஒரு செய்தியோடு வந்தார். புரட்சிக்குப் பயந்து எல்லை தாண்டி ஓடிப்போன பிரபுவின் எழுதுமேசையில் கள்ள அறை இருப்பதாக வேலைக்காரி சொல்லிவிட்டாளாம். செய்தவரும் கூட்டாளிதான் என்று புரட்சிக் குழு தேடுகிறதாம். எங்கள் பட்டறை மேசை அது. எங்கள் என்ன, நான் செய்தது.

"எதுக்கும்மா நடுங்குறீங்க? அடியில முதலாளி முத்திரைதானே இருக்கு. செத்தவர் தலையை எவன் வெட்டுவான்?" என்றார் கஸ்பார்.

உண்மைதான். என் கணவர் நிக்கேஸ் இறந்து ஆறு வருடம். விதவை தன் கணவனின் முத்திரையையே குத்தலாம் என்பது தச்சர் சங்கத்து வழக்கம். அப்படித்தான் குத்தினேன்.

நவம்பர் 13

இப்போதுதான் நினைவு வந்தது. கள்ள இழுப்பறையின் அடிப்பலகையில் பென்சிலால் எழுதினேனே — 'உர்சூல் செய்தது, 1790'. எல்லாப் பெயரும் செத்துப்போன மனுஷனுக்கே போகணுமான்னு ஒரு எரிச்சல். யார் பாக்கப் போறான்னு ஒரு திமிர். இப்போ கழுத்துக்கே வந்து நிக்குது.

நவம்பர் 15

முத்திரைக்காரரின் விதவை என்பதால், நாளை காலை நான் குழு அலுவலகத்துக்குப் போய்க் கள்ள அறையைத் திறக்க வேண்டுமாம்.

நவம்பர் 16

திறந்தேன். உள்ளே ஒரு கட்டுக் கடிதம். குழுத் தலைவர் ரிகோ இழுப்பறையைக் கவிழ்த்தார்.

"என்னமோ கிறுக்கியிருக்கே. என்ன குடிமகளே இது?"

ரிகோ முன்பு மாவு மூட்டை தூக்கியவர்; படிக்கத் தெரியாது. "என் வீட்டுக்காரர் நிக்கேஸ் பேரு. 1785," என்றேன். அவர் அதைக் குமாஸ்தா பஸ்தியானிடம் நீட்டினார். "நீ படி."

பஸ்தியான் சன்னலருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"நிக்கேஸ், 1785," என்றார்.

"செத்தவனை எங்க போய்ப் பிடிக்க? சரி, நீ போ," என்றார் ரிகோ.

நவம்பர் 17

பஸ்தியான் ஏன் மாற்றிப் படித்தார்? பதிலுக்கு என்ன கேட்கப் போகிறார்?

டிசம்பர் 2

பஸ்தியான் கடைக்கு வந்தார். மரத்தூளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒரு சின்னப் பெட்டி வேணும். உள்ளே யாராலயும் கண்டுபிடிக்க முடியாத அறை ஒண்ணு. அந்த மேசையைச் செஞ்ச அதே கை செய்யணும்."

எதை ஒளிக்க என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 20

பெட்டி முடிந்தது. முத்திரை இல்லை. மறுபடி பேர் எழுதிவிடக் கூடாதென்று, வேலை முடியும்வரை பென்சிலைத் தன் சட்டைப்பையிலேயே வைத்திருக்கக் கஸ்பாரிடம் சொல்லியிருந்தேன். பஸ்தியான் பெட்டியை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். இதுவரை என் தலைக்கு மட்டும்தான் பயந்தேன்; இன்று அவர் தலைக்கும்.