எக்ஸ்ரேயில் தெரியாத வலி

கராச்சர்மா,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பிரிஸ்கில்லாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் திருச்சியில் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொண்டு அப்பா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை, அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். போனில் பேசினால் பாதியை மறைத்துவிடுவேன் என்று பயம்.

அம்மாவுக்கு ஆறு மாதமாக இடுப்பு வலி என்று உனக்குத் தெரியும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்ததும், சும்மா சொல்கிறாள் என்று உன்னிடம் சொன்னேன், நீயும் நம்பினாய். போன ஞாயிறு பூசை முடிந்து அவள் பெஞ்சைப் பிடித்து மெல்ல எழுந்தபோது, அம்மா பேரைச் சொல்லி, ஞானசெல்வி நடிப்புக்கு ஒரு கப்பு கொடுக்கலாம் என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். மறுநாள் காலை கொடியில் துணி போடக் கையைத் தூக்கிப் பின்னால் சாய்ந்தவள், அப்படியே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பார்த்தேன் மகளே, பார்த்தும் படகு ஜெட்டிக்கு வேலைக்குப் போய்விட்டேன். பக்கத்து வீட்டு ஷீலாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

ஷீலா போன் செய்த பிறகு ஓடினேன். அம்மா வலியில் முனகிக்கொண்டிருக்க, வலி எப்போது வருகிறது, எங்கே பரவுகிறது என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா தினமும் சொல்லிக் கேட்டிருந்த ஷீலாதான் சொன்னாள், காலையில எழும்புறப்ப இடுப்பு கட்டையா இருக்கும், பின்னால சாஞ்சாலும் திரும்பினாலும் குத்தும், குனிஞ்சு உட்கார்ந்தா தேவலை, தொடை வரைக்கும் இழுக்கும், முட்டிக்குக் கீழ போகாது என்று. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவன் ஷீலாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகெலும்பின் பின்பக்கத்துச் சின்ன மூட்டுகள் தேய்ந்து வீங்கினால் இப்படி வருமாம், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் வலி பொய்யில்லை என்றார் டாக்டர். மாத்திரையும் பயிற்சியும் கொடுத்திருக்கிறார், படுத்தே கிடக்கக் கூடாதாம். கால் மரத்துப்போனாலோ ஒன்றுக்குப் போகச் சிரமமானாலோ உடனே வரச் சொன்னார். இப்போது கொஞ்சம் நடக்கிறாள்.

வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. நீங்க ஒண்ணுமில்லைன்னு சொல்லச் சொல்ல, நான்தான் நடிக்கிறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க என்றாள். அதற்குப் பிறகு என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். மறக்காமல் அம்மாவுக்குப் போன் செய், எப்படி வலிக்கிறது என்று கேள், அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. எனக்காகப் பரிந்து எதுவும் சொல்ல வேண்டாம்.

வெட்கத்தோடு,
உன் அப்பா
பிரகாசம்