மூத்தவள் எழுதிக்கொண்டிருந்த கணினி குறித்த ஓலை

மலை நிலைக்க, மழை பிழையாதிருக்க. அருவி ஏழும் ஆளும் வேங்கைக்கோட்டுக் காவலரும் யானைக்கொடி உடையவருமாகிய ஆதனெழினிப் பெருங்கோ, கடல் மூன்று புறமும் சூழ்ந்த சங்குத்துறை நாட்டின் பட்டத்தரசியும் எம் இளைய மகளுமாகிய ஆம்பலரசிக்கு விடுக்கும் ஓலை. உம் கலங்கள் கரை சேர்க. உம் உப்பளங்கள் விளைக. உம் கொழுநரும் குடிகளும் நோயின்றி வாழ்க. எம் நலம் கேட்க வேண்டா.

உம் தூதர் கொணர்ந்த ஓலையை அவையில் படிக்கக் கேட்டோம். உம் அக்காள் குவளைமாதேவி இறக்கும் முன் உமக்கென்று எழுதிவந்த கணினிப் பாடத்தை அனுப்புக என்றும், அதை அழித்த விளக்குக் காவலர் சாத்தனை விலங்கிட்டு அனுப்புக என்றும் இரண்டு கேட்டிருந்தீர். இரண்டும் எம்மால் இயலாது. ஏன் இயலாது என்பதை, அந்தப் பொறியை ஒருமுறையும் தொட்டறியாத உமக்கு விளங்கச் சொல்ல வேண்டுமானால், பொறியிலிருந்தே தொடங்க வேண்டும். இனி 'நீர்' என்று எழுதவும் கை வரவில்லை, அம்மா. அரசோலையின் நடையைச் சரிபார்க்கும் ஓலைநாயகர் முகம் சுளிக்கிறார்; சுளித்துக்கொள்ளட்டும்.

உன் அக்காள் எமக்குச் சொல்லித்தந்தபடியே சொல்கிறோம். மேசைமேல் நிமிர்ந்து நிற்பது திரை. கணினி நமக்குக் காட்ட வேண்டியதை எல்லாம் அதில்தான் காட்டும். அதன் முன்னே எழுத்துப் பொறித்த பொத்தான்கள் நிறைந்து கிடப்பது விசைப்பலகை. அதில் தட்டியது திரையில் எழுத்தாகத் தோன்றும். பக்கத்தில் கைக்குள் அடங்கிக் கிடப்பது சுட்டி. அதை மேசைமேல் நகர்த்தினால் திரையில் அம்புக்குறி நகரும், வேண்டிய இடம் வந்ததும் அழுத்தினால் வேலை நடக்கும். யாம் முதல் நாள் சுட்டியைத் தூக்கித் திரையின்மேலேயே வைத்து அழுத்தினோம். அவள் சிரித்த சிரிப்பு யானைக் கொட்டில் வரை கேட்டதாம். இப்போது அந்த அறைப்பக்கம் போகவே எமக்குப் பயமாக இருக்கிறது.

மேசைக்கடியில் இருக்கும் பெட்டிக்குள்தான் மற்றவை எல்லாம். அதிலுள்ள செயலகம் கூட்டும், கழிக்கும், ஒப்பிடும், ஏவிய வேலையை ஏவிய வரிசையில் செய்து முடிக்கும். தானாக ஒன்றும் நினைக்காது. யாருக்காக எழுதுகிறார்கள், எழுதுகிறவளுக்குக் காய்ச்சல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

அந்தப் பெட்டிக்குள் நினைவு இரண்டு வகை. இதை மட்டும் நிதானமாகப் படி. நாம் எழுதிக்கொண்டிருக்கும்போது எழுத்து முதல் வகையான தற்காலிக நினைவகத்தில் நிற்கும். மின்விசை ஓடும் வரைதான் அதற்கு வாழ்வு. சேமி என்று கட்டளையிட்டால்தான் அது இரண்டாவது வகையான, வட்டு என்னும் நிலை நினைவகத்தில் பதியும். அதன் பின் மின்விசை நின்றாலும் அழியாது. அவையில் யாம் வாயால் சொல்வதற்கும், ஓலையில் எழுதி முத்திரை இடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

இனி அன்று நடந்தது. காலையில் கஞ்சியை எடுத்துக்கொண்டு யாமே அவள் அறைக்குப் போனோம். எழுந்திருக்கக் கூடாதென்று மருத்துவர் தடுத்திருந்தும், போர்வையைச் சுற்றிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்திருந்தாள். திரை நிறைய எழுத்து. பின்னால் நின்று முதல் வரியைப் படித்துவிட்டோம். அடுத்த வரிக்குக் கண் போவதற்குள் இரண்டு கையாலும் திரையை மூடிக்கொண்டு, இது தங்கைக்கு, தந்தைக்கு அன்று என்று எம்மை விரட்டினாள். நண்பகலில் தண்ணீர் குடிக்க எழுந்தவள் விழுந்தாள். மருத்துவர் ஓடி வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

நம் குல வழக்கம் நீ அறிவாய். அரச குலத்தில் ஓர் உயிர் பிரிந்தால், உடலைத் தூக்குமுன் அரண்மனையில் ஒரு விளக்கும் எரியலாகாது. அதற்கு விளக்குக் காவலர் யார் ஆணைக்கும் காத்திருப்பதில்லை. முன்பு அவர் திரிகளை அணைத்தார். இப்போது எல்லா விளக்கும் அருவிச் சக்கரத்து மின்விசையில் எரிவதால், சாத்தன் அழுதுகொண்டே போய்ச் சக்கரத்துக்கு நீர் பாயும் மடையை அடைத்தார். சக்கரம் நின்றது. விளக்குகளோடு கணினியும் அணைந்தது. அழுகைக்கு நடுவில் யாரும் அதை நினைக்கவில்லை. நினைத்திருக்கக்கூடியவள் தரையில் கிடந்தாள்.

பின்னர் பொறிவல்லுநர் வந்து வட்டு முழுவதும் தேடினார். புதிய கோப்பு ஒன்று இருந்தது. அதற்கு அவள் வைத்திருந்த பெயர் 'வாலு'. திறந்தால் உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. பெயரை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தவள், சேமிக்கவே இல்லை. உன் கம்மியர் பெட்டியைத் தூள்தூளாகப் பிரித்தாலும் அந்தச் சொற்கள் கிடைக்கமாட்டா, மகளே. சாத்தனைக் கொன்றாலும் கிடைக்கமாட்டா. அவர் வீட்டில் அன்று முதல் அடுப்பு மூட்டவில்லை என்று அவர் மனைவி வந்து அழுதார். நீ சாத்தனை மன்னித்து ஒரு வார்த்தை எழுது. உம்மேல் குற்றமில்லை என்ற எம் வார்த்தையை அவர் நம்பவில்லை.

ஆதலால் யாம் ஆணையிடுவது. இனி வேங்கைக்கோட்டில் யார் மறைந்தாலும், அது யாமே ஆயினும், கணினித் திரையில் இருப்பவை எல்லாம் சேமிக்கப்பட்ட பின்னரே மடை அடைபடுக. பிரிந்த உயிர் அதுவரை பொறுத்துக்கொள்ளும்.

அவள் கணினி இவ்வோலையோடு வண்டியில் வருகிறது. 'வாலு' என்னும் கோப்பைத் திற. அது இப்போது வெறுமையாக இல்லை. யாம் படித்த அந்த ஒரு வரியை, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டிச் சேமித்திருக்கிறோம்: "வாலு, பயப்படாமல் தொடு, நீ உடைத்த என் யாழைப் போல இது அவ்வளவு சுலபமாக உடையாது." அதற்குக் கீழே அவளுக்கு நீ என்ன சொல்ல வேண்டுமோ, அதை எழுது. எழுதியதை எமக்குக் காட்ட வேண்டா. சேமிக்காமல் எழுந்திராதே, இதுவும் அரசாணை.

யானை முத்திரை எம் கையாலேயே இட்டோம். கோணலாக விழுந்திருந்தால் அரக்கைக் குறை சொல்லாதே.