துண்டுக்கடியில் போட்ட ஒப்பந்தம்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். உனக்குச் சாதகமாக ஒரு வரிகூடச் சேர்க்க மாட்டேன்.

இன்று உன் அம்மா அந்தத் துண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். துவைத்து மடித்திருந்தும் மிளகு வாசனை போகவில்லை. முகத்தில் வைத்ததும் தும்மல் வந்தது. கூடவே கோபமும்.

மட்டாஞ்சேரிக் கிடங்கில் உன் அப்பா மிளகு விலை பேசுவதை நாம் சேர்ந்துதானே வேடிக்கை பார்த்தோம்? இரண்டு பேர் கைகளின் மேல் இந்தத் துண்டு கிடக்கும். உள்ளே விரல்கள் விலை பேசும். வெளியே வாய்கள் மழையைப் பற்றிப் பேசும். கடைசியில் பெருவிரலால் உள்ளங்கையில் ஓர் அழுத்து. அதற்குப் பிறகு பேச்சு மாறக் கூடாது.

பத்தாம் வகுப்பில் சரித்திர மன்றத்துக்காக ஆங்கிலேய ராஜா ஏழாம் ஹென்றியின் வெளியுறவுக் கொள்கையை நடித்துக் காட்டினோம். நீ ராஜா. நான் பிரிட்டனி. பிரான்ஸுக்குப் பக்கத்தில் கடலோரமாக இருந்த சின்ன நாடு. ஹென்றி உயிருக்குப் பயந்து ஓடி வந்தபோது பல வருஷம் இடம் கொடுத்த நாடு. பிரான்ஸ் என்னை விழுங்கப் பார்க்கிறது. துண்டுக்கடியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னைக் கைவிட மாட்டியே?” என்று கேட்டேன்.

“எடீ, உன் சோத்தைத் தின்னு வளர்ந்தவளாக்கும் நான்” என்று சொல்லி உள்ளங்கையில் அழுத்தினாய்.

அதே துண்டோடு பிரான்ஸாக நடித்தவளிடம் போனாய். திரும்பி வந்து, “சமாதானம்! பிரான்ஸ் வருஷா வருஷம் பணம் தரும். என் சிம்மாசனத்துக்கு ஆசைப்படறவங்களுக்கு இடம் தராது” என்று அறிவித்தாய்.

“அப்போ நான்?”

“நீ புஸ்தகத்தில் ஒரு பாராவா இருப்பே, போ.”

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்காமல், “ராஜா செய்தது இதுதான். பெரிய சண்டைக்கு அவரிடம் பலம் இல்லை. தோற்றால் கிரீடம் போயிருக்கும்” என்றார்.

வழியில் டீக்கடையில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கித் தந்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “பிரான்ஸும்தான் ராஜாவுக்குக் கப்பல் குடுத்தது. அவன் யாருக்குன்னு நன்றியா இருப்பான், பாவம்” என்றாய். படகுத்துறை அருகில் துண்டை விரித்து மறுபடி உன் கையைக் கேட்டேன். “இது விளையாட்டில்லை. பிளஸ் ஒன்னுக்கு ரெண்டு பேரும் தேவரா ஸ்கூல்தான். சரியா?” நீ தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு அழுத்தினாய்.

உன் உடம்பில் இருந்த நோயைப் பற்றி அப்போதே உனக்கு எல்லாம் தெரியும்.

பரீட்சை சமயத்தில் போனில் சொன்னாய்: “வெறும் மஞ்சள் காமாலைதான். ஆலுவா பெரியம்மா வீட்டுல இருக்கேன். கஞ்சியா ஊத்திக் கொல்றா. நான் அடுத்த தடவை எழுதிக்கறேன். நீ முடிச்சுட்டு வா.” நம்பினேன். உனக்கும் சேர்த்துப் படித்தேன்.

கடைசிப் பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது என் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தாள். நீ கண்ணை மூடி இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆலுவாவில் இல்லை. எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், படகில் ஏறினால் வந்துவிடும் தூரத்தில்.

“அவதான் எங்கிட்ட சத்தியம் வாங்கினா. ‘மாமி, தெரிஞ்சா அவ புஸ்தகத்தைத் தொட மாட்டா. சொல்லாதீங்கோ’ன்னு கையைப் பிடிச்சுண்டா” என்றாள் அம்மா.

“நீயும் சரின்னியா?”

அம்மா என் கையிலிருந்த பரீட்சை அட்டையை வாங்கிக்கொண்டாள்.

எனக்குத் தெரியாமல் என் அம்மாவோடேயே ஒப்பந்தம் போட்டிருக்கிறாய். எல்லாம் என் மார்க்குக்காக என்கிறார்கள். நல்ல மார்க்தான் வந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அத்தனையையும் திருப்பித் தருகிறேன், அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் ஒரு சாயங்காலம் உட்காரவிடு என்றால் விடுவாயா?

இப்போது தேவராவில்தான் படிக்கிறேன், தனியாக. ஹென்றி கெட்டிக்கார ராஜா என்று நூலகத்துப் புத்தகங்கள் சொல்கின்றன. வீண் சண்டை போடவில்லை, நாட்டைக் காப்பாற்றினான். அதெல்லாம் சரி. பிரிட்டனிக்காரர்கள் அன்று என்ன நினைத்தார்கள் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். ஒரு வரிகூட அகப்படவில்லை.

என்னிடம் மிச்சம் இருப்பது நீ அழுத்திய அந்த அழுத்துதான். பொய் என்று தெரிந்தும் உள்ளங்கை அதை விடமாட்டேன் என்கிறது.

சற்றுமுன் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மேஜைமேல் கிடந்த துண்டைப் பார்த்தாள். மெல்ல அதற்கடியில் கையை நுழைத்து என் விரல்களைப் பிடித்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுத்தவும் இல்லை. என் அழுத்துக்குக் காத்திருந்துவிட்டு அம்மா எழுந்து போய்க் கூடத்து விளக்கை அணைத்துவிட்டாள்.