ஒரு கையில் சீனி, ஒரு கையில் பிளேன்டீ

அன்புள்ள என் ஸ்டெல்லாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் கை வருகிறது. கேட்டு என்ன ஆகப்போகிறது? இது நாலாவது தாள். மூன்றைக் கிழித்தாயிற்று. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. நீ இருந்தால், "ஒக்காருடி ஞானம், ஒனக்கு காலுல சக்கரமா கட்டியிருக்கு?" என்று திட்டியிருப்பாய்.

சேதி இதுதான். ஹட்டனில் நீ எடுத்துவந்த வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். தேயிலைத் தோட்ட நலப் பணிக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு வியாழக்கிழமை முதல் பாடம். ‘வீட்டுக்குள் போகும்போது மனதையும் கூட்டிப்போவது’ என்று நீ வைத்த தலைப்பேதான். கொழும்பிலிருந்து வந்த மிஸ், கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடு என்கிறார். செய்து பார்த்தேன். கண்ணை மூடினால் தலவாக்கலை பஸ் நேரமும் முடிக்காத படிவங்களும்தான் வருகின்றன. என்னைப் போய் இதற்குப் பிடித்தார்களே, உனக்குச் சிரிப்பு வரவில்லை?

சீனிக்குத் தட்டுப்பாடாய்க் கிடந்த அந்த வருடங்களில் நாம் இருவரும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கியது ஞாபகமிருக்கிறதா? இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிறவர்கள் யார், இங்கேயே இருக்கிறவர்கள் யார் என்று விபரம் எழுதும் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் பாலும் சீனியும் போடாத பிளேன்டீ வரும். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைப்பார்கள். நான் வேண்டாம் என்பேன். இல்லாதவர்களின் சீனியை ஏன் வீணாக்குவது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் எனக்கு நேரம் மிச்சம். நீயோ நோட்டுப் புத்தகத்தைப் பையில் போட்டுவிட்டு, ஒரு கையில் கோப்பையும் மறு கையில் சீனியுமாக உட்கார்ந்து, நக்கி நக்கிக் குடிப்பாய்.

"ரெண்டு கையும் வேலையா இருந்தா எழுத முடியாது பாரு. அப்பதான் எனக்குக் காது கேக்குது," என்பாய்.

வட்டகொடைப் பக்கம் லெட்சுமி வீட்டிலும் அப்படித்தான். அவள் புருஷன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: குடும்பத்தோடு இந்தியா போகச் சம்மதம். வாசலுக்கு வந்து செருப்பையும் மாட்டிவிட்டேன். நீ எழுந்திருக்கவில்லை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. உன் கையில் சீனி தீர்ந்தது. இன்னும் கொஞ்சம் வைக்க வந்த லெட்சுமி, வைத்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

"மூத்தவள நானுஓயாவுல கட்டிக்குடுத்திருக்கோம் மிஸ். அவளுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை. மாசமா இருக்கா. அவள விட்டுட்டு நான் எப்பிடிங்க போறது?"

புருஷன் சுவரைப் பார்த்தபடி, "இத ஏங்கிட்டகூட நீ சொல்லலியே புள்ள," என்றார். அந்தப் படிவத்தை நாம் அனுப்பவில்லை. திரும்பும் வழியெல்லாம் நான் உன்னோடு பேசவும் இல்லை. வெட்கம்டி. அதைக் கோபம் மாதிரி காட்டிக்கொண்டேன். லெட்சுமி இன்றும் வட்டகொடையில்தான் இருக்கிறாள். பேரன் பள்ளிக்கூடம் போகிறான். போன மாதம் பார்த்தபோது முதலில் உன்னைத்தான் கேட்டாள்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்குப் போல ஒரு செவ்வாய்க்கிழமைதான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தேன். நீ எழுந்து உட்கார்ந்து பிளாஸ்கை எடுத்தாய். தாளில் மடித்து வைத்திருந்த சீனியைப் பிரித்து, "கைய நீட்டு," என்றாய். "வேணாம்டி, நானுஓயாவுல ரயிலப் புடிக்கணும். எப்பிடி இருக்க, அதச் சொல்லு," என்று நின்றபடியே கேட்டேன். "ஒண்ணுமில்ல. நீ போ," என்றாய். ரயிலில் உட்கார்ந்து, அன்று பார்த்த வீடுகளின் பட்டியலுக்குக் கீழே எழுதினேன்: ‘ஸ்டெல்லா, பரவாயில்லை.’ வெள்ளிக்கிழமை நீ இல்லை.

என்ன சொல்ல வைத்திருந்தாய்? பயமாக இருந்ததா? உன் அம்மாவைப் பற்றியா? இல்லை, ஒன்றுமே இல்லாமல் சும்மா என்னோடு டீ குடிக்கத்தானா? இதையே நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை ஸ்டெல்லா.

இப்படிப்பட்ட நான், நாளை மறுநாள் மற்றவர்களுக்குக் காதுகொடுத்துக் கேட்கச் சொல்லித்தர வேண்டுமாம். முடியாது என்று எழுதிய கடிதம் இதே மேசையில் கிடக்கிறது. ஒட்டியும் வைத்துவிட்டேன். தபாலில் போடத்தான் மனம் வரவில்லை.

வகுப்புக்குப் போகிறேன். மூச்சுப் பயிற்சியெல்லாம் பிறகு. முதலில் அந்தப் பெண்களின் பேனாவைப் பைக்குள் போடச் சொல்லி, கையில் சீனியை வைப்பேன். டீ தீரும்வரை ஒருத்தி பேச இன்னொருத்தி கேட்கட்டும். அதன் பிறகு என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, உன் பெயருக்கு நேரே நான் எழுதியதை வாசித்துக்காட்டுவேன். என்னைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தாலும் சரி. இனி எந்த வீட்டில் டீ கொடுத்தாலும், அது தீரும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன். ரயில் போனால் போகட்டும். உனக்குச் சத்தியம்.

அன்று உன்னிடம் கையை நீட்டாமல் போன,
உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
ஞானம்