ஒரே அளவில் மூன்று பேன்ட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் கடிதம்.

தம்பி நம்மை விட்டுப் போன இந்த எட்டு மாதத்தில் எத்தனை முறை உன்னிடம் சொல்லியிருப்பேன், அப்பா தேறிவிட்டார், சந்தோஷமாக இருக்கிறார், நீ லீவு போட்டு வரவேண்டாம் என்று. நம்பித்தான் சொன்னேன். காலையில் தையல் மெஷினில் உட்காரும்போதே போன் ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு காமெடி கேட்பார், கடை பூட்டும்வரை சிரிப்புதான். எதிர் மருந்துக்கடைக்காரர்கூட, "உங்க வீட்டுக்காரர் மனசைத் தேத்திக்கிட்டாரும்மா" என்றார். எனக்கும் பெருமைதான். அவருடைய சந்தோஷம் கெட்டுவிடக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதேன்.

போன செவ்வாய்க்கிழமை வேன் டிரைவர் புதுப் பேன்ட்டைத் திருப்பிக்கொண்டு வந்து, "என்னண்ணே, என் கால் வளந்துருச்சா, உங்க டேப்பு சுருங்கிருச்சா? இடது பக்கம் மட்டும் மேல நிக்குதே" என்றார். எல்லோரும் சிரித்தோம். வியாழக்கிழமை இன்னொருவரும் பேன்ட்டைக் கொண்டுவந்து அதையே சொல்லவும் எனக்கு எங்கோ இடித்தது. பட்டன் வைக்க என்னிடம் வந்திருந்த பேன்ட்டையும் சேர்த்து மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தேன். மூன்றிலும் ஒரே அளவு பிசகியிருந்தது, இடது கால் அரை அங்குலம் குறைவு. இடது கால் சற்றுக் குட்டையான தம்பி தாங்கித் தாங்கி நடப்பது வெளியே தெரியாமலிருக்க அப்பா அவனுக்கு அப்படித்தானே வெட்டுவார். அளவு நோட்டில் மூவருக்கும் இரண்டு காலும் சமமாகத்தான் எழுதியிருக்கிறார், கைதான் தம்பிக்கு வெட்டியிருக்கிறது.

கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "துணி வீணாப்போச்சே" என்றார். மறுபடி ஒயரை மாட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். ஒயரின் மறுமுனை போனில் இல்லை கண்ணு, மேஜைக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நீ தினமும் அவருக்கு ஜோக் அனுப்புகிறாய், அவரும் அனுப்புகிறார். நீயும் இன்னும் அழவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. வரவேண்டாம் என்று சொன்ன அதே வாயால் கேட்கிறேன், வந்துவிடு. வந்து அவர் எதிரே உட்கார்ந்து தம்பியின் பெயரைச் சொல். நான் நாலு நாளாக முயன்று பார்க்கிறேன், வாய் வரவில்லை.

உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். வரும் தேதியை அப்பாவிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லாதே, சிரித்துப் பேசியே உன்னை நிறுத்திவிடுவார்.

உன்
அம்மா