மச்சான் கடைக்கு எதிர்த்த அறை

ஜூன் 1, ஞாயிறு. வெள்ளவத்தை

வெயில். சட்டை கழுத்தில் ஒட்டுகிறது. இன்றைய வேலை ஒன்றே ஒன்று: ஹட்டனில் எங்கே தங்குவது என்று முடிவு செய்வது.

அடுத்த ஞாயிறு தர்ஷினிக்குக் கல்யாணம். என் மனைவி வசந்தாவின் ஒரே அண்ணன் மகள். அழைப்பு வந்த வழி வாட்ஸ்அப். அதுவும் தனியாக இல்லை. "ஹார்ட்வெயார் நண்பர்கள்" என்ற குழுவில், ஒரு தண்ணீர்த் தாங்கி விளம்பரத்துக்குக் கீழே. தங்கச்சி மாப்பிள்ளையை வெத்தலைத் தட்டோடு நேரில் வந்து கூப்பிடுவதுதான் எங்கள் பக்கத்து முறை. மச்சான் (இனி ம.) மாதத்துக்கு இரண்டு தடவை சரக்கெடுக்கக் கொழும்புக்கு வருகிற ஆள். வெள்ளவத்தை என்ன, வெளிநாடா?

இது புதுக் கோபம். பழையது இரண்டு வருஷமாக அடுப்பிலேயே இருக்கிறது. தேர்த் திருவிழாவுக்குப் போய் ம. வீட்டில்தான் தங்கினோம். திடீரென்று ஒரு மொத்த வியாபாரி வந்து நிற்க, எங்கள் கட்டில் அவருக்குப் போயிற்று. போகட்டும். ஆனால் கூடம் நிறைய ஆள் இருக்கும்போது ம. சொன்னது: "எங்க மாப்ள தோட்டத்து லய வீட்டுல பொறந்தவரு. தரையில படுத்தாத்தான் அவருக்குத் தூக்கமே வரும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தது போதாதென்று, "குளிர்ந்த தரையா இருந்தா இன்னும் விசேசம்" என்று என் பங்கையும் சேர்த்துப் போட்டேன். சிரிப்பு இரட்டிப்பானது. ஊரெல்லாம் என்னை நகைச்சுவை மாஸ்டர் என்கிறதே, அந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டாமா! ம.வை ஒருநாள் மன்னித்தாலும் அந்தச் சிரிப்பை மன்னிக்கமாட்டேன்.

என் கணக்கில் உலகத்தில் ஊர் இரண்டுதான். ஹட்டன், ஹட்டன் இல்லாதது. ஆகவே போகத்தான் வேண்டும். எங்கே தங்க?

1. ம. வீடு. கடைக்கு மேல் மாடி. சுடுதண்ணீர் உண்டு. வசந்தா பிறந்து வளர்ந்த இடம். குறை: ம.
2. அக்கரப்பத்தனை, தம்பி வீடு. தங்கமான மனசு, ஒன்றரை மணி நேர பஸ். குறை: அங்கே தங்கினால் ம. கண்ணில் படாது. கண்ணில் படாத பழி விரயம்.
3. நுவரெலியாவில் கணப்பு அடுப்பு வைத்த ஹோட்டல். அங்கே வேலை செய்கிறவர்கள் நோயாளியிடம் பேசுவதுபோல் பேசுவார்கள். மேலும், ம.வுக்குச் செய்தி போகும், காட்சி போகாது.
4. எங்கள் பழைய தோட்டத்து துரை பங்களா. இப்போது சுற்றுலாக்காரருக்கு விடுகிறார்கள். முன்வாசல் வழியாக ஒரு தடவையாவது நுழைய ஆசை. ஆனால் செத்துப்போன துரையைப் பழிவாங்கி என்ன லாபம்? உயிரோடு இருக்கிற ஆளுக்கே நேரம் போதவில்லை.
5. ம. கடைக்கு நேர் எதிரே உள்ள லொட்ஜ். முதல் மாடி, தெருப்பக்கம் பல்கனி. எச்சில் துப்பினால் கல்லாப்பெட்டியில் விழும் தூரம்.

ஐந்து.

கூடப் பிறந்தவள் சொந்த ஊரிலேயே லொட்ஜில் தங்குகிறாள் என்றால் ஹட்டன் கடைவீதியில் அது செய்தி இல்லை, மரண அறிவித்தல்.

ஜூன் 2, திங்கள்

லொட்ஜுக்குப் போன். மனேஜர் சிறிபால, தமிழ் நன்றாகப் பேசுகிறார்.

"மலை தெரியிற ரூம் இருக்கு, சேர்."

"மலை வேணாம். ஹார்ட்வெயார் கடை தெரியிற ரூம்."

"அந்தப் பக்கம் ரோட்டுச் சத்தம், சேர்."

"பரவாயில்ல."

"சனிக்கிழமை கல்யாண பார்ட்டி ஒண்ணு வருது. ரூம் எல்லாம் அவங்கதான். உங்களுக்கு ஒண்ணு மட்டும் மிச்சம்."

இன்னும் நல்லது. சாட்சிகள். யாருடைய கல்யாணம் என்று கேட்கத் தோன்றவில்லை. வைகாசியில் ஹட்டனில் எத்தனையோ கல்யாணம்.

வசந்தாவிடம் (இனி வ.) சொன்னேன். பருப்பு கழுவிக்கொண்டிருந்தாள். நிபந்தனையையும் சொன்னேன்: ம. லொட்ஜ் படியேறி வந்து, தட்டு நீட்டிக் கூப்பிடவேண்டும். இல்லாவிட்டால் ஞாயிறு காலை மண்டபத்துக்குப் போகாமல் நேரே ஸ்டேஷனுக்கு.

"நீங்க எங்க வேணும்னாலும் தங்குங்க. எனக்கு அந்தப் புள்ள தலையில பூ வைக்கணும். அவ்வளவுதான்."

"உங்க அண்ணன் வந்து கூப்பிட்டா வைக்கலாம்."

தண்ணீரை வடித்த வேகத்தில் பாதிப் பருப்பு தொட்டியில். பிறகு பார்த்தால் பட்டுச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அதற்கு மேல் என் பனியன்கள். சேலை தெரியக்கூடாதாம்.

ஜூன் 5, வியாழன். ஹட்டன்

மழை. ரயில் ஒரு மணி நேரம் தாமதம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் பேக்கரி வாசனை, டீசல், ஈரக் கோணிச்சாக்கு. இந்த ஊர் என்ன செய்தாலும் எனக்குப் பிடிக்கிறது. கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்தாலும்.

ஓட்டோக்காரரிடம் ம. கடைக்கு முன்னால் மெதுவாகப் போகச் சொன்னேன். "எவ்வளவு மெதுவாங்க?" "சாமி ஊர்வலம் மாதிரி." லொட்ஜ் வாசலில் இறங்கி, குடையை விரிக்காமல் நின்றேன். குடை முகத்தை மறைக்கும். வ. விரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ம. கடைக்குள் ஒரு பீவிசி குழாயைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் வழியாகவே என்னைப் பார்த்தார். குழாயை இறக்கினார். சிரித்தார்! கையும் காட்டினார்.

எதற்குச் சிரிப்பு? அதிர்ச்சியில் இருக்கும்.

அறை 7. கட்டில் சரி. குளியலறைக் கதவுக்குக் கொக்கி இல்லை, பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கவேண்டும். பல்கனியில் என் சாரம், துவாய், இரண்டு பனியன் காயப்போட்டேன். இந்த மழையில் எதுவும் காயாது. காய்வதற்கா போட்டேன்?

நான்கு மணிக்கு பேக்கரியில் பெருமூச்சு விட்டேன். வரும்போது ரயிலில் பழகி வந்த பெருமூச்சு. பேக்கரிக்காரர், "லொட்ஜ்லயா தங்கியிருக்கீங்க மாஸ்டர்? பெரிய மனசு உங்களுக்கு" என்றார். இதில் பெரிய மனசு எங்கே வந்தது? பூக்கடை அக்காவும் அதையே சொன்னார், ஒரு முழம் கூடக் கொடுத்து. ஊரே என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். தும்மல் ஆரம்பம்.

ஜூன் 6, வெள்ளி

தூறல். இடது மூக்கு அடைப்பு.

ம. வரவில்லை. கடையில் வேலை செய்கிற செல்லையா கையில் சாப்பாட்டுக் கெரியர் மட்டும் வந்தது. இட்லி, சாம்பார், கட்டச் சம்பல். திருப்பி அனுப்புவதற்காக எழுந்தேன். வ. அதற்குள் மூடியைத் திறந்துவிட்டாள். "பகை உங்களோட. இட்லி என்னா செஞ்சிச்சு?" நான் இரண்டோடு நிறுத்தினேன். பிறகு இன்னும் மூன்று.

பதினொரு மணிபோல் எதிர் மாடியில் தர்ஷினி ஜன்னலைத் திறந்தாள். இரண்டு கையிலும் மருதாணி, முழங்கையால் தள்ளித் திறந்தாள். முழங்கையையே ஆட்டி, "அத்தே! வாங்கத்தே! இங்க வந்து பாருங்க!" என்று தெருவுக்கு மேலால் கத்தினாள். வ. கையைக் காட்டினாள். ஜன்னல் மூடின பிறகும் கை அப்படியே இருந்தது.

"அந்தக் கடைசி ஜன்னல் எங்கம்மா இருந்த ரூம். தெறக்கவே மாட்டேங்கிறாங்க" என்றாள்.

பத்திரிகை படிப்பதுபோல் இருந்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தேனா என்று இப்போது சந்தேகம். எழுந்து போய்விடலாமா என்று ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம்தான். அதற்குள் கீழே ம.வின் சிரிப்புச் சத்தம் கேட்டது, யாரோ வாடிக்கையாளரோடு. சரி, இன்னும் ஒரு பனியனைக் காயப்போட்டேன்.

ஜூன் 7, சனி

எங்கிருந்து தொடங்க? பாதி காய்ச்சல், பாதி ஆத்திரம்.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் இரண்டு வேன். இருபத்துமூன்று பேர், மப்ளர், பிளாஸ்க், குழந்தைகள். பதுளையிலிருந்து. கல்யாண பார்ட்டி. யாருடைய கல்யாணம்? தர்ஷினியுடையது! மாப்பிள்ளை வீட்டாருக்கு ம. எடுத்துக் கொடுத்த லொட்ஜ் இதுதான்.

படியில் நின்ற என்னை மாப்பிள்ளையின் அப்பா கட்டிப்பிடித்தார். பெரிய உருவம், கற்பூர மிட்டாய் வாசனை.

"நீங்கதானே மாஸ்டர்! சம்பந்தி வியாழக்கிழமையே போன்ல சொல்லிட்டாரு. 'யாரையோ விடல, என் தங்கச்சி மாப்பிள்ளையவே லொட்ஜ்ல தங்க வச்சிருக்கேன், உங்கள கவனிச்சுக்க'ன்னு. இந்தக் காலத்துல யாருங்க இந்த முறையெல்லாம் பாக்குறாங்க?"

மாப்பிள்ளை வீட்டார் தங்கும் இடத்தில் பெண் வீட்டின் பொறுப்பான ஆள் ஒருவர் கூடவே தங்கிக் கவனிப்பது முறைதான். எனக்குத் தெரிந்த முறைதான். மறந்துபோனேன். குழாய் வழியாக என்னைப் பார்த்த ஒரு நொடியில் ம.வுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. பேக்கரியும் பூக்கடையும் சொன்ன பெரிய மனசு இதுதான். பழிவாங்க வந்தவனை ஒரே போனில் வேலைக்கு வைத்துக்கொண்டார். சம்பளம் இட்லி.

பன்னிரண்டிலிருந்து நான்கு வரை நான் செய்தவை: ஏழு அறைக்கும் போர்வை. ஒரு பெரியம்மாவுக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி, இன்னொரு பெரியம்மாவுக்குச் சீனி கூடின தேத்தண்ணி, இரண்டும் மாறி, மறுபடியும். போன் சார்ஜர் மூன்று. குளியலறைக் கொக்கி இல்லாதவர்களுக்கு வெளியே காவல். எல்லாவற்றுக்கும் மேலாகச் சுடுதண்ணீர். சிறிபால கையை விரித்தார்: "உணு வத்துர இவரய், சேர், சுடுதண்ணி முடிஞ்சிச்சு. ஹீட்டர் ஒண்ணுதான். முடிஞ்சா முடிஞ்சதுதான்." சமையலறை அண்டாவில் கொதிக்கவைத்து, வாளியில் நான்தான் மேலே தூக்கினேன். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு பாராட்டு. எனக்கில்லை, ம.வுக்கு. "என்னா குடும்பம்ங்க! என்னா மரியாதை!"

நாலரைக்கு மாப்பிள்ளையின் அப்பா, அதாவது சம்பந்தி, எங்கள் அறைக்கு வந்து கதவைச் சாத்தி, கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் முனகியது.

"மாஸ்டர், நீங்க உள்ள இருக்கிற ஆளு. மனசு விட்டுக் கேக்குறேன். சம்பந்தி எப்படிப்பட்டவரு? நாளைக்கு எங்க பையன் இங்க வந்து போகணும். பணம் இருக்கிறவங்க சில பேரு மருமகன மதிக்க மாட்டாங்க."

இரண்டு வருஷமாக நான் காத்திருந்த கேள்வி. யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்த கேள்வி. கேட்கவேண்டிய ஆளே, கேட்கவேண்டிய நாளில், என் கட்டிலில் உட்கார்ந்து கேட்கிறார். ஒரு வாக்கியம் போதும். கட்டில் கதையைச் சொன்னால் போதும். பதுளை வேன் இரண்டும் திரும்பிப் பதுளைக்கே போனாலும் போகும்.

வ. அலுமாரியின் பக்கம் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கமான மனுசன்ங்க," என்றேன். "மருமகன்னா உசுர விடுவாரு."

என் வாழ்நாளில் அடித்த பகிடிகளில் இதற்கு ஒன்றுக்குத்தான் யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தி கண்ணைத் துடைத்தார். வ. ஊசியைக் குத்தினாள். கதவைத் திறந்துகொண்டு அவர் போனதும், "மூக்கத் தொடைங்க" என்று தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். புதுசு. பட்டுச் சேலைக்கு எடுத்தது.

ஐந்தரைக்கு மேளம். ம. வருகிறார். பட்டு வேட்டி, சந்தனம், கையில் வெத்தலைத் தட்டு. லொட்ஜ் படியேறி வருகிறார். என்னைக் கூப்பிட இல்லை, மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட. என் பக்கம் ஒரு பார்வை, உதட்டோரத்தில் வியாழக்கிழமைச் சிரிப்பு. என்னைக் கடந்து போய் சம்பந்தியிடம் தட்டை நீட்டினார்.

சம்பந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மொதல்ல மாஸ்டருக்கு வைங்க சம்பந்தி. வீட்டு மாப்பிள்ளைய முன்னுக்கு அழைச்சுட்டுத்தான் எங்கள அழைக்கணும். மத்தியானத்துலருந்து வாளி தூக்குறாரு மனுசன். அவரு மனசு குளிரணும்."

மேளம் நின்றது. இருபத்துமூன்று பேர். செல்லையா. சிறிபால. ம.வின் முகத்தில் சந்தனம் மட்டும் அசையாமல் இருந்தது. மெதுவாகத் திரும்பினார். தட்டு என் முன்னால்.

"வாங்க மாப்ள. கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும்."

நான் உடனே வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினேன். இடது பக்கம் துடைத்தேன். ஊதினேன். வலது பக்கம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மறுபடியும் இடது. தட்டில் தேங்காய் ஆட ஆரம்பித்தது. வ. பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள், தோல் வரும் அளவுக்கு. வாங்கிக்கொண்டேன்.

"வர்றோம் மச்சான். ஒரே ஒரு குறை. பெரியவங்க ரெண்டு பேரு இன்னும் குளிக்கல. சுடுதண்ணி அண்டா கீழே சமையலறையில. எனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு. நீங்க..."

செல்லையா முன்னால் வந்தார். சம்பந்தி பெருமையாக ம.வையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்க்கும்போது யாரால் ஆளை அனுப்ப முடியும்? ம. செல்லையாவை விலக்கினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

இப்போது மணி ஆறு. பல்கனியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வ. சேலை கட்டி முடித்து, பூவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். முதல் வாளி போயிற்று. இரண்டாவது படியில் வருகிறது, மூச்சுச் சத்தம் கேட்கிறது.

"போதுமா உங்களுக்கு?" என்கிறாள்.

போதும் என்றுதான் சொல்ல வந்தேன். அதற்குள் மூன்றாம் அறைப் பெரியம்மா கதவைத் திறந்து, தனக்கும் ஒரு வாளி கிடைக்குமா என்று கேட்கிறார். ம.விடம் சொல்லிவிட்டு வருகிறேன்.